வான்கார அண்ணை பதில்கள்: இலை பார்க்கப் போகிறவர்களுக்கு

ஓகஸ்ட் முடிந்தால் இந்தப் பகுதிக்கு வருகிற கேள்விகள் எல்லாம் வடக்குப் பக்கம் திரும்பிவிடும். எந்த ஏரி, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ரொறன்ரோவில் தமிழ்க் குடும்பங்களை ஏற்றி இறக்கி வான் ஓட்டினவன் நான். இப்போது வான் ஓடுவதில்லை, வாய்தான் ஓடுகிறது. ஆகவே இந்த இதழ் முழுக்க, இலையுதிர் காலத்தில் வடக்கத்திய காடு சிவந்து மஞ்சளாகிற அந்த இலைக் காட்சிதான். சுவிஸ் ரயிலைப் பற்றியும் விசாவைப் பற்றியும் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணை, உச்சமான நிறம் எந்த நாளில்? போன வருசம் தாங்ஸ்கிவிங் விடுமுறையில் அல்கோன்குயின் பூங்காவுக்குப் போனோம். வாகன நெரிசலில் அரை நாள் போனது. போய்ச் சேர்ந்தால் பாதி மரம் மொட்டை.
— ஒரு வாசகி, ஸ்காபுறோ

தங்கச்சி, ஒன்ராறியோவில் தாங்ஸ்கிவிங் அக்டோபரின் இரண்டாவது திங்கட்கிழமை வருகிறது. 8ஆம் திகதிக்கு முன்னும் வராது, 14ஆம் திகதிக்குப் பின்னும் வராது. அல்கோன்குயினில் சுகர் மேப்பிள் சிவப்பது செப்டெம்பர் கடைசிக் கிழமையிலும் அக்டோபர் முதல் கிழமையிலும். நீங்கள் விடுமுறைக்குக் காத்திருந்தீர்கள், மரம் உங்களுக்குக் காத்திருக்கவில்லை. நெடுஞ்சாலை 60 ஓடுகிற மேற்குப் பகுதி உயர்ந்த மேட்டு நிலம். அங்கே குளிர் முந்தி இறங்கும், இலையும் முந்தி விழும்.

ஆனால் ‘உச்சம்’ என்று ஒரு நாளைத் துரத்துகிற பழக்கத்தை விடச் சொல்லித்தான் என் வானில் ஏறினவர்களுக்கெல்லாம் சொன்னேன். மரங்கள் முறை வைத்து நிறம் மாறுகின்றன. செப்டெம்பர் நடுவிலேயே சதுப்பு நிலத்து ரெட் மேப்பிள் சிவந்துவிடும். பிறகு மலைச்சரிவில் சுகர் மேப்பிள் செம்மஞ்சளும் சிவப்புமாக மாறும். அது கொட்டும்போது பொப்லரும் பேர்ச்சும் மஞ்சளாகும். எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தமராக். ஊசியிலை மரமாக இருந்தும் இலையை உதிர்க்கிற மரம் அது. அக்டோபர் நடுப்பகுதி தாண்டியும் சதுப்பு ஓரங்களில் பொன்னிறமாக நிற்கும். தாங்ஸ்கிவிங்குக்குத்தான் போக முடியும் என்றால் சிவப்பை மறந்துவிட்டு மஞ்சளுக்குப் போங்கள், ஏமாற்றம் இராது.

சிவப்புத்தான் வேண்டும் என்றால் அக்டோபர் முதல் கிழமையில் ஒரு செவ்வாயோ புதனோ லீவு போடுங்கள். ஒன்ராறியோ பூங்காக்களின் இணையத்தளத்தில் நிற அறிக்கை வரும். எல்லோரும் எத்தனை வீதம் நிறம் மாறியிருக்கிறது என்று மட்டும் பார்க்கிறார்கள். எத்தனை வீதம் இலை விழுந்திருக்கிறது என்று அதிலேயே போட்டிருப்பார்கள். அதைப் பாருங்கள் முதலில்.

அல்கோன்குயினுக்குள் வாகனம் விடுகிற நாள்சீட்டு எப்போதும் கிடைப்பதில்லை. காலையில் போய் இரவு திரும்பக்கூடியதாக, ஒரு ஏரியைச் சுற்றிவர வேறு பாதை சொல்ல முடியுமா? நாங்கள் இரண்டு குடும்பம், இரண்டு கார்.
— ஒரு வாசகர், மார்க்கம்

தம்பி, அந்த நாள்சீட்டு 5 நாள் முந்தித்தான், காலை 7 மணிக்கு இணையத்தில் திறக்கும். இலைக் காலத்துச் சனி, ஞாயிறுக்கு என்றால் 7 மணிக்குக் கையில் தொலைபேசியோடு இருக்கவேண்டும், பல் தீட்டிவிட்டு வரலாம் என்று நினைக்கக்கூடாது. பூங்காவுக்குள்ளே நெடுஞ்சாலை 60 ஏறக்குறைய 56 கிலோமீற்றர் ஓடுகிறது. எங்கும் நிற்காமல் கடந்து போகச் சீட்டுத் தேவையில்லை. ஆனால் நிற்காமல் போவதென்றால் எதற்குப் போவது?

என்னைக் கேட்டால், சீட்டுக் கிடைத்தாலும் லேக் ஒவ் பேஸ் ஏரிக்குத்தான் போகச் சொல்வேன். அல்கோன்குயினுக்கு மேற்கே, முஸ்கோகாவில் இருக்கிறது. விரல் விரித்த மாதிரி எல்லாப் பக்கமும் குடா. சுற்றிவர ஏறத்தாழ 100 கிலோமீற்றர்.

அரசாங்க வரைபடம் நெடுஞ்சாலை 400, 11 என்று பரி, ஒரிலியா, ஹன்ட்ஸ்வில் வழியாக உங்களை அனுப்பும். போகும்போது அந்த வழியே வேண்டாம். மார்க்கத்திலிருந்து 48இல் ஏறி, சிம்கோ ஏரியின் தெற்கால் சுற்றிக் கோபோகொங்க் போய், அங்கே 35ஐப் பிடியுங்கள். கோபோகொங்க் சுண்ணாம்புக்கல் பூமி. நோர்லன்ட் வர நிலம் மாறும். சாலைக்கு இரு பக்கமும் கருங்கல்லை வெட்டித்தான் வழி விட்டிருப்பார்கள். கனடியக் கேடயம் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிக்கிற பழம்பாறை அதுதான். பனிப்பாறைகள் அதைத் தோண்டிவிட்டுப் போன குழிகளில்தான் இத்தனை ஏரியும் நிற்கின்றன. மின்டன், கார்ணார்வன் தாண்டினால் பொஷ்கங், ஹால்ஸ், குஷோக், சென்ற் நோரா என்று ஒன்று முடிய ஒன்றாக ஏரி வரும். இந்தத் துண்டுச் சாலைக்கு விளம்பரமே கிடையாது. அதனால்தான் எனக்குப் பிடிக்கும்.

டோர்செற் ஊருக்குக் காலை 10 மணிக்குள் போய்விடப் பாருங்கள். ஊரை ஒட்டிய குன்றில் ஒரு கோபுரம் இருக்கிறது. காட்டுத்தீயைக் கண்காணிக்க 1922இல் முதலில் கட்டினார்கள். இப்போது நிற்பது 1967இல் எழுப்பிய இரும்புக் கோபுரம், உயரம் 100 அடி. குன்றையும் சேர்த்தால் உச்சியில் நிற்கிற ஆள் ஏரி மட்டத்திலிருந்து 465 அடி உயரத்தில் நிற்கிறார். காலையில் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், ஏரியும் மறுகரைக் காடும் முகத்துக்கு நேரே வெளிச்சத்தில் கிடக்கும். மத்தியானத்துக்குப் பிறகு போனால் கண் கூசும். வாகனத்துக்குக் கட்டணம் உண்டு. உயரம் தலைசுற்றுகிறவர்கள் ஏறவேண்டாம், அடியிலிருந்தே நல்ல காட்சி இருக்கிறது. கோபுரத்தின் பாதியில் நின்று கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறவும் இறங்கவும் மாட்டேன் என்ற பெரிய மனிதர்களை நான் கண்டிருக்கிறேன். பெயர் சொல்லமாட்டேன், அவர்கள் இந்த இதழுக்குச் சந்தா கட்டுகிறவர்கள்.

ஊருக்குள் 1921இலிருந்து இருக்கிற ரொபின்சன்ஸ் கடை. ஆணி, சப்பாத்து, பால், தொப்பி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. மனைவிமாரை உள்ளே விட்டால் ஒரு மணி நேரம் போய்விடும் என்று முந்தி எழுதியிருந்தேன். உண்மையில் ஆண்கள்தான் மீன்பிடித் தூண்டில் பக்கம் நின்று மினக்கெடுகிறவர்கள்.

டோர்செற்றிலிருந்து 117இல் பேஸ்வில். அங்கே அணைக்கட்டுப் பக்கம் இறங்கிக் கால் நீட்டலாம், ஏரித் தண்ணீர் முஸ்கோகா ஆற்றின் தெற்குக் கிளையாக வெளியேறுகிற இடம். பிறகு முஸ்கோகா சாலை 2இல் வடக்கே ஹன்ட்ஸ்வில். அங்கிருந்து 60இல் கிழக்கே டுவைற். டுவைற்றில் பொதுக் கடற்கரை மாதிரி மணல் கரை இருக்கிறது, பிள்ளைகளை அவிழ்த்துவிடலாம். 35 வந்து முடிவதும் அங்கேதான், அதில் தெற்கே இறங்கினால் திரும்ப டோர்செற்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். ‘ஏரியைச் சுற்றி’ என்றால் நூறு கிலோமீற்றரும் தண்ணீர் பக்கத்திலேயே வரும் என்று நினைக்கவேண்டாம். முஸ்கோகாவில் கரைகளில் பெரும்பாலானவை கோட்டேஜ் என்ற விடுமுறை வீடு வைத்திருக்கிறவர்களின் சொத்து. சாலையிலிருந்து மரங்களுக்கு இடையில் தண்ணீர் மின்னி மறையும், அவ்வளவுதான். மற்றவரின் படகுத்துறைக்குள் காரை விட்டுப் படம் எடுக்கப் போய் ஏச்சு வாங்காதீர்கள். டோர்செற், பேஸ்வில், டுவைற், இந்த மூன்று இடத்திலும் பொதுத்துறையும் பொதுக்கரையும் இருக்கின்றன. மூன்று இடத்திலும் ஆறுதலாக நின்றால் ஏரியை முழுக்கப் பார்த்த மாதிரி. பத்து இடத்தில் இரண்டு நிமிடம் நிற்கிறவனுக்குக் கார்க் கதவு திறந்து மூடிய ஞாபகம்தான் மிஞ்சும்.

திரும்பி வரும்போது 11ஆம் சாலையால் வாருங்கள், இருட்டில் அது பாதுகாப்பு.

அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். ஏற்றம் ஏற மாட்டா. ஆனால் அல்கோன்குயினைக் காட்டவேண்டும் என்று ஆசை.
— ஒரு மகன், பிரம்ரன்

பூங்காவின் மேற்கு வாசலிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டுச் சாலையோரம் கிலோமீற்றர்ப் பலகைகள் இருக்கும். 43ஆவது கிலோமீற்றரில் பார்வையாளர் நிலையம். பூங்கா தொடங்கியது 1893இல், அதன் நூற்றாண்டுக்கு 1993இல் திறந்த கட்டடம். சக்கர நாற்காலி உள்ளே போகும், கழிவறை சுத்தம். பின்பக்க மேடையில் நின்றால் சண்டே கிறீக் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். அங்கே சிவப்புக் குறைவு. கறுப்பு ஸ்புறூஸ் என்ற ஊசியிலை மரமும் தமராக்கும் நிற்கிற சதுப்பு அது, ஆகவே அம்மாவைக் கொஞ்சம் பிந்தி, அக்டோபர் நடுவில் கூட்டிப்போனால் பொன்னிறம் பார்ப்பா.

என் வானில் ஒருமுறை வந்த பருத்தித்துறை அப்பம்மா அந்த மேடையில் வாங்கைப் பிடித்துக்கொண்டு சால்வையோடு இருந்தா. மற்றவர்கள் மலை ஏறி, மூச்சு வாங்கித் திரும்பி வந்து பார்க்க அவ அப்படியே இருக்கிறா. “பிள்ளை, இந்த மரமெல்லாம் ஒரேயடியா காய்ச்சல் வந்த மாதிரி நிக்குது, பின்ன மாறுமோ?” என்று கேட்டா. ஆறு மாதத்தில் மாறும் என்றேன். “அப்ப பயமில்லை” என்று தேத்தண்ணி கேட்டா.

ஓரளவு நடப்பா என்றால் 13.8ஆவது கிலோமீற்றரில் ஹார்ட்வூட் லுக்அவுட் பாதை, வட்டமாக ஒரு கிலோமீற்றர். ஏற்றம் கொஞ்சம் உண்டு. மேப்பிள் காட்டுக்குள்ளால் போய் ஸ்மோக் ஏரியைப் பார்க்கலாம். 39.7இல் இருக்கிற லுக்அவுட் பாதைக்குத்தான் எல்லோரும் ஓடுவார்கள். அது செங்குத்து, மேலே பாறை விளிம்பு. அம்மாவுக்கும் வேண்டாம், கையை உதறிவிட்டு ஓடுகிற சின்னப்பிள்ளைகளுக்கும் வேண்டாம்.

என் மகள் ஐந்தாம் வகுப்பு. சிவப்பு நிறம் இலைக்குள் எங்கேயிருந்து வருகிறது, ஏரிக்கரை மரங்கள் மட்டும் ஏன் பச்சையாக நிற்கின்றன என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.
— ஒரு தாய், மிசிசாகா

மகளுக்கு முதலில் ஒரு சபாஷ். மலை சிவப்பு, கரை பச்சை என்பதைப் பெரியவர்கள் பலர் கவனிப்பதில்லை.

பகல் குறுகத் தொடங்கியதும் மரம் கடையைக் கட்டத் தொடங்குகிறது. இலைக்காம்பு கிளையோடு சேருகிற இடத்தில் ஒரு தக்கைப் படலம் வளர்ந்து போக்குவரத்தை அடைக்கும். பச்சையம் ஒவ்வொரு நாளும் சிதைந்து, ஒவ்வொரு நாளும் புதிதாக உண்டாகிற பொருள். புதிதாக உண்டாவது நின்றதும் பச்சை போய்விடும். மஞ்சள் எங்கேயிருந்தும் வரவில்லை, வசந்தத்திலிருந்தே இலைக்குள் பச்சைக்குப் பின்னால் மறைந்திருந்தது. கரட்டிலும் பப்பாசியிலும் இருக்கிற கரோட்டினொயிட் இனம்தான்.

சிவப்புக் கதை வேறு. அது முதலில் இருக்கவில்லை. போக்குவரத்து அடைபட, இலைக்குள் சீனி தேங்கி நிற்கும். அந்தச் சீனியையும் வெயிலையும் கொண்டு மேப்பிள் இலை கடைசி நேரத்தில் அந்தோசயனின் என்ற சாயத்தைப் புதிதாகச் செய்கிறது. நாவல்பழம் தின்றால் நாக்கில் ஒட்டுகிற ஊதாவும், கத்தரிக்காய்த் தோலின் நிறமும் அதே குடும்பம். பகலில் நல்ல வெயில், இரவில் குளிர், ஆனால் உறைபனி இல்லை என்றால் சிவப்பு அடிக்கும். மழையும் மப்புமாக இருந்தால் மங்கும். கடும் உறைபனி முந்தி விழுந்தால் இலை கருகிப்போகும். ஆகவேதான் ஒரு வருசம் போல் ஒரு வருசம் இல்லை. ஊரில் நாட்டு வாதுமை மரம் இலை கொட்டமுன் சிவப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், மகளுக்குச் சொல்லுங்கள்.

ஏரிக்கரை ஏன் பச்சை? கோடை முழுக்கச் சூடேறிய ஆழத் தண்ணீர் மெதுவாகத்தான் ஆறும். அதனால் கரையோரம் இரவுக் குளிர் குறைவு, உறைபனி பிந்தும். மேட்டில் நிற்கிற மரம் முந்திக்கொள்ள, கரை மரம் சில நாள் பிந்துகிறது. கோபுரத்தில் நின்றால் தண்ணீரைச் சுற்றி ஒரு பச்சைக் கரையும் அதற்கு மேலே சிவப்பும் தெரிவது இதனால். ஆனால் சின்னச் சதுப்புக் குட்டை ஓரத்தில் இது தலைகீழ். பள்ளத்தில் குளிர்காற்று வந்து தேங்கும், வேர் எப்போதும் ஈரத்தில் நிற்கும், அங்கேயிருக்கிற ரெட் மேப்பிள் எல்லோருக்கும் முந்திச் சிவந்துவிடும்.

கைத்தொலைபேசியில் படம் எடுத்தால் நேரில் பார்த்த நிறம் வருவதேயில்லை.
— ஒரு பெடியன், ஏஜக்ஸ்

நடுப்பகலில் எடுக்கிறாய், அதுதான். காலை வெள்ளன எடு. காற்று எழும்பமுன் தண்ணீர் அசையாமல் கிடக்கும், மரம் இரண்டாகத் தெரியும். 9 மணி வரை ஏரி மேல் பனிப்புகார் நின்றால் சபிக்காதே, அது விலகுகிற கால் மணி நேரத்துக்குத்தான் படம்காரர் கூட்டமாக வந்து நிற்கிறார்கள். மழை விட்ட கையோடு எடுத்தாலும் நிறம் ஆழமாக வரும். தொலைபேசியைத் தண்ணீருக்குக் கிட்டத் தாழ்த்திப் பிடி, விழுத்திவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதே.

இந்த இலைகளைப் பார்க்க இத்தனை மணி நேரம் ஓடவேண்டுமா? எங்கள் தெருவிலும் மேப்பிள் நிற்கிறதே!
— ஒரு வாசகர், எற்றோபிக்கோ

ஓடவேண்டாம் ஐயா. உங்கள் தெருவில் நிற்பது பெரும்பாலும் நோர்வே மேப்பிள், அது ஐரோப்பாவிலிருந்து வந்தது, மஞ்சளாகி உதிரும். அது போதும் என்றால் போதும்.

ஓடாமலே வடக்கத்திய நிறத்தைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ரொம் தொம்சன் என்ற ஓவியர் அல்கோன்குயினில் வள்ளத்தில் திரிந்து, சின்ன மரப்பலகைகளில் இந்த ஏரிகளையும் இலையுதிர் காட்டையும் வரைந்தார். 1917 யூலையில் கனூ ஏரியில் இறந்துபோனார், வயது 39. எப்படி இறந்தார் என்று நூறு வருசம் தாண்டியும் சனம் கதைத்துக்கொண்டிருக்கிறது. அவருடைய ஓவிய நண்பர்கள்தான் 1920இல் ‘ஏழுபேர் குழு’ என்று சேர்ந்தார்கள். அவர்களுடைய படங்கள் கிளைன்பேர்க் மக்மைக்கல் காட்சிக்கூடத்தில் இருக்கின்றன, எற்றோபிக்கோவிலிருந்து கிட்ட. அங்கே போய்ப் பார்த்துவிட்டு, பிறகும் வடக்கே போக மனம் வராவிட்டால் நான் வற்புறுத்தமாட்டேன். கனூ ஏரி 14ஆவது கிலோமீற்றரில் இருக்கிறது, மனம் மாறினால்.

சாப்பாடு, பெற்றோல், கழிவறை?
— பலர்

சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். ஒரிலியாவுக்கு வடக்கே 11ஆம் சாலையில் 1963இலிருந்து வெபர்ஸ் இருக்கிறது, சாலைக்கு மேலால் நடைபாலம் போட்ட பேர்கர் கடை. பிள்ளைகள் கேட்பார்கள். மரக்கறிக்காரருக்கு வடக்கே போகப் போகத் தெரிவு குறையும். இடியப்பத்தைவிட ரோல்ஸும் கட்டுச்சாதமும் கைக்கு வசதி, குளிரில் விரல் விறைக்கும்போது சொதி ஊற்றிக் குழைக்க முடியாது. மிச்சத்தைக் காட்டுக்குள் எறியவேண்டாம். ‘மிருகங்கள் தின்னட்டும்’ என்று புண்ணியக் கணக்கில் எறிகிறவர்கள் இருக்கிறார்கள். கறுப்புக் கரடி மனிதச் சாப்பாட்டுக்குப் பழகினால் கடைசியில் கரடியைத்தான் சுடவேண்டி வரும். பூட்டுகிற குப்பைத்தொட்டிகள் இருக்கின்றன. பெற்றோலை ஹன்ட்ஸ்வில்லிலோ டுவைற்றிலோ அடித்துவிடுங்கள், பூங்காவுக்குள் கிடையாது. தொலைபேசிச் சமிக்ஞையும் விட்டுவிட்டுத்தான், வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வையுங்கள்.

மாலைச் சூரியனையும் பார்த்துவிட்டு இரவில் திரும்பலாமா? மூஸ் என்ற பெரிய மான் குறுக்கே வரும் என்று பயமுறுத்துகிறார்கள்.
— ஒரு வாசகி, விற்பி

பயமுறுத்தவில்லை அம்மா, உண்மையைச் சொல்கிறார்கள். செப்டெம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முற்பகுதிவரை மூஸுக்கு இணை தேடும் காலம். ஆண் மூஸ் 400 கிலோவுக்கு மேல் வரும், நடத்தை ஒரு மாதிரி. கடும் கபில நிறம், இருட்டில் சாலையோடு கலந்துவிடும். கால் நீளம் என்பதால் கார் காலில் மோத உடம்பு முன்கண்ணாடிக்கு வரும். மானின் கண் விளக்கில் பளிச்சென்று தெரியும், மூஸின் கண் விளக்கொளிக்கு மேலே நிற்பதால் தெரியாமலே போகலாம். நெடுஞ்சாலை 60இல் 80தான் வேகம், மங்கலில் அதையும் குறையுங்கள். அக்டோபர் முதல் கிழமையில் 7 மணிக்கெல்லாம் இருட்டிவிடும், 6 மணிக்குள் பெரிய சாலைக்கு வந்துவிடுங்கள்.

பகலில் மூஸைக் கண்டாலும் நடுச்சாலையில் நிறுத்தி எல்லோரும் இறங்கவேண்டாம். எங்கள் ஆட்களிடம் இந்தப் பழக்கம் இருக்கிறது. வளைவில் பின்னால் மரலொறி வருகிறதா என்று பார்க்கிறவன் ஒருத்தனும் இல்லை.

மாமி யாழ்ப்பாணத்திலிருந்து அக்டோபர் 28 வருகிறா. இலை மிச்சமிருக்குமா?
— ஒரு மருமகள், ஸ்காபுறோ

வடக்கே இராது. வடக்கே போனால் சாம்பல் கிளையும் மூடிய கடையும்தான். ஆனால் ஒன்ராறியோ ஏரியின் சூடு உங்கள் பக்கம் இருக்கிறது. ரூஜ் தேசிய நகரப் பூங்கா உங்கள் வீட்டுக்குக் கிட்ட, உள்ளே போகக் காசும் இல்லை. அங்கே ஓக் மரங்கள் அக்டோபர் கடைசியிலும் செம்பு நிறத்தில் நிற்கும். ரூஜ் ஆறு ஏரியில் விழுகிற கரையில் மாமியை நடக்க வையுங்கள். அடுத்த சனிக்கிழமை நயாகரா ஒன் த லேக்கிலிருந்து அருவிவரை ஆற்றோரமாகப் போகிற பார்க்வே சாலை. அங்கே பருவம் பிந்தித்தான் முடியும். நவம்பர் இரண்டாம் கிழமைக்குத் தள்ளிப்போட்டால் அருவி மட்டும்தான்.

விமான நிலையத்துக்குப் போகும்போதே தடித்த கோட்டும் காலுறையும் கொண்டுபோங்கள். மாமி சேலையோடும் செருப்போடும்தான் இறங்குவா, வேண்டாம் வேண்டாம் என்றும் சொல்லுவா. கேட்காதீர்கள்.